‘எப்ப திரும்பப் போறீங்க?’ என்று கேட்பதை நிறுத்துவோம்

 

அன்பின் ஊர் உறவுகளே,

வெளிநாட்டில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். ஃபோன் பாவிக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

2022 இல் நாடு விழுந்தபோது என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். 2024 இலும் அதே கதைதான். அந்த வருடம் வெளிநாட்டில் இருப்பவர்கள் நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. அதில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியாப் பிள்ளைகளின் வியர்வையும் இருக்கிறது. டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளையும் போனார். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு நின்ற குடும்பத்துப் பிள்ளையும் போனார். அவர்களில் பலர் முதலாவது, இரண்டாவது ஒப்பந்தம் முடிந்து இப்போது ஊருக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

வந்தவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? “எப்ப வந்தீங்க?” என்று ஒரு கேள்வி. பதில் வருமுன்னே “எப்ப திரும்பப் போறீங்க?” என்று அடுத்த கேள்வி. பஸ் ஸ்டாண்டிலும் கேட்கிறோம், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிலும் கேட்கிறோம், கல்யாண வீட்டுச் சாப்பாட்டிலும் கேட்கிறோம்.

கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்கப்படுகிறவரின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். அவர் இரண்டு, நான்கு, பத்து வருடம் வாழ்ந்த ஒரு நகரத்தை விட்டு வந்திருக்கிறார். அந்த நகரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பளம் கேட்டோம், பெட்டியில் என்ன வந்தது என்று பார்த்தோம், அடுத்த பயணத் தேதியையும் கேட்டோம். அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று கேட்கவில்லை.

எங்களிடம் படித்த ஒருவர் தோஹாவில் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் நான்கு வருடம் இருந்தார். வேலை கஷ்டம், வெயில் கஷ்டம், ஒரு அறையில் ஆறு பேர். எல்லாம் சொன்னார். பிறகு வேறு கதைகள் வந்தன. லீவு நாளில் மெட்ரோ ஏறி சூக் வாகிஃப் போவது, இரவில் கோர்னிஷ் கரையில் நடப்பது, ஏஷியன் டவுனில் கிரிக்கெட் பார்ப்பது, அறையில் நேபாளக்காரர் செய்யும் பருப்பு. வந்து பல மாதமாகியும் அவருடைய ஃபோனில் தோஹா நேரம் அப்படியே இருக்கிறது. இங்கே காலை 7.30 என்றால் அதில் 5 மணி. “மாத்த மனசு வரல்ல சேர்” என்று சிரித்தார்.

மாணவர் ஒருவரின் தாய் பெய்ரூட்டில் பன்னிரண்டு வருடம் வீட்டு வேலை செய்தவர். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, நாங்கள் முஸ்லிம் என்பதால் எங்களிடம் அறபியில் பேசிப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்தது ஓதப் படித்த அறபி, அவருக்குத் தெரிந்தது லெபனான் தெருவின் அறபி. பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோரா என்ற இடத்தில் நம் நாட்டுப் பெண்கள் கூடுவார்களாம். பெய்ரூட்டில் வேலை செய்யும் பல நாட்டவருக்கும் சந்திக்கும் இடம் அதுதான். நம் நாட்டுக் கறித்தூள், கருவாடு வாங்கலாம், ஊர்க்கதை பேசலாம். 2020 இல் அந்த நாடு பொருளாதாரத்தில் விழுந்து, ஓகஸ்ட் 4 ஆம் திகதி துறைமுகமும் வெடித்துச் சிதறியது. வேலை செய்த வீட்டில் சம்பளம் கொடுக்க வழியில்லை. திரும்பிவிட்டார். “கிழமையில ஒரு நாள்தான் சேர் எனக்குன்னு இருந்திச்சு. அந்த ஒரு நாள் அந்த ஊர்லதான் இருந்திச்சு” என்றார்.

இதைக் கேட்டு யாராவது, “பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் வீட்டில் பாத்திரம் கழுவின ஊர்மேல் என்ன பாசம்?” என்று சொல்லலாம். அந்தப் பாசம் பொய்யல்ல. மனிதன் எங்கே உழைத்தானோ, எங்கே ஒரு கோப்பைத் தேநீரைச் சிநேகிதரோடு குடித்தானோ, அந்த இடம் அவன் மனதில் ஒட்டிக்கொள்ளும். அல்லாஹ் மனிதனை அப்படித்தான் படைத்திருக்கிறான்.

நானுஓயா ஸ்டேஷனில் எல்லப் பக்கம் போகும் ரயிலுக்காக முதுகுப் பையோடு நிற்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் சிலர் ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் கடையிலோ பண்ணையிலோ வேலை செய்துவிட்டு, ஊர் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். அதற்கென்றே ‘வேர்க்கிங் ஹொலிடே’ என்று ஒரு விசா இருக்கிறது. ஆஸ்திரேலியா 1975 இல் தொடங்கியது. இளம் வயதில் போய், வேலையும் செய்து, நாட்டையும் பார்த்து, காலம் முடிந்ததும் திரும்பவேண்டும். 2024 இல் இந்தியாவுக்கும் வருடம் 1000 பேர் என்று குலுக்கல் முறையில் திறந்தார்கள். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

அந்தப் பிள்ளையும் ஒரு நகரத்தில் தற்காலிகமாக உழைத்தார், அதை விரும்பினார், விட்டுவந்தார். நம் பிள்ளையும் அதையேதான் செய்தார். அவருடைய விசாவில் விடுமுறை என்ற சொல் இருந்தது, நம் பிள்ளையின் விசாவில் ஸ்பொன்சரின் பெயர் இருந்தது. அவர் வீடு போய்ச் சேர்ந்ததும் “எப்படி இருந்தது? ஃபோட்டோ காட்டு” என்பார்கள். நம் பிள்ளையிடம் திரும்பிப் போகும் தேதியைக் கேட்கிறோம். விசாவை நம்மால் மாற்ற முடியாது. கேள்வியை மாற்றலாம் அல்லவா?

ஒரு இடத்தை விரும்பி, பிறகு விட்டுப் போவது மலையகத்துக்குப் புதிய விஷயம் இல்லை. நம் மண்ணின் கதையே அதுதான். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பருவத்துக்கு வந்து போனவர்கள். பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் தங்கள் கிராமத்துக்குத் திரும்பினார்கள். 1869 இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. பிறகு தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அப்படித்தான் வந்து போகும் வேலை, நின்று வாழும் வாழ்க்கையானது. 2023 இல் 200 வருடத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்தக் கதை இதுதான். டவுன்களில் உள்ள நம் முஸ்லிம் குடும்பங்களிலும் வாப்பா, அப்பா என்று எண்ணிக்கொண்டு போனால், வியாபாரத்துக்காக வேறு ஊரிலிருந்து வந்து தங்கியவர் ஒருவரில் போய் நிற்கும்.

பிறகு 1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அனுப்பப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து ரயில், தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். 1984 இல் கப்பல் நிற்கும் வரை போய்க்கொண்டிருந்தார்கள். நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், குன்னூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் பலருக்கு வேலை கிடைத்தது. தேயிலை அதே தேயிலை, குளிர் அதே குளிர். ஆனால் அங்கே அவர்களுக்கு விழுந்த பெயர் ‘சிலோன்காரர்’. இங்கே இருக்கும்போது ‘இந்தியாக்காரர்’. இரண்டு பக்கத்திலும் அவர்களிடம் கடுதாசி கேட்டவர்கள் உண்டு. விட்டுவந்த தோட்டத்தைப் பற்றிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்கப்படாத துக்கம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். அந்தக் குடும்பங்களோடு இன்னும் தொடர்பில் இருக்கும் உறவுகளுக்கு இது தெரியும்.

இன்று தோஹாவிலிருந்து வருகிறவரின் நிலை அவ்வளவு கொடியது இல்லைதான். அவர் விரும்பிப் போனார், ஒப்பந்தம் முடிந்து வந்தார். ஆனால் விட்டுவந்த இடத்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது என்றும் சொல்லவேண்டும். நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது அந்த நகரத்தைப் பார்த்து, அது தமக்கு எவ்வளவு பிரியமானது என்பதையும், தம் மக்கள் வெளியேற்றாவிட்டால் தாம் வெளியேறியிருக்கமாட்டார் என்பதையும் சொன்னதாக ஹதீஸ் உண்டு. அல்லாஹ்வின் தூதரே ஒரு நகரத்தை விட்டுப் போகும்போது அந்த நகரத்தோடு பேசியிருக்கிறார்கள். பிறகு மதீனா போனதும், மக்காவைப் போலவோ அதைவிட அதிகமாகவோ மதீனாவையும் பிரியமாக்கித் தரும்படி துஆ கேட்டார்கள். ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. பிறந்த ஊர் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் அங்கேயே தங்கிவிடாமல் மதீனாவுக்குத் திரும்பினார்கள். அங்கேதான் அடக்கமும் செய்யப்பட்டார்கள். பழைய நகரத்தின் மீதான அன்பு புதிய ஊரில் வாழ்வதற்குத் தடையாகவில்லை.

இன்னொன்று. ஹஜ்ஜுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கடமையும் முடிந்து மக்காவை விட்டுப் புறப்படும்போது கடைசியாகச் செய்யவேண்டிய ஒன்று இருக்கிறது. தவாஃபுல் விதா, விடைபெறும் தவாஃப். உலகத்தில் மிகப் பிரியமான நகரத்திலிருந்தும் ஒரு நாள் புறப்படத்தான் வேண்டும், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வரக்கூடாது என்பதை மார்க்கமே நமக்கு ஒரு கடமையாகக் கற்றுத் தந்திருக்கிறது.

நம் தமிழிலும் “போறேன்” என்று சொன்னால் வீட்டில் ஏசுவார்கள். “போயிட்டு வாறேன்” என்றுதான் சொல்லவேண்டும். ஒப்பந்தம் முடிந்து ‘எக்ஸிட்’ அடித்து வரும் பிள்ளைக்கு அந்த நகரத்தைப் பார்த்து “போயிட்டு வாறேன்” என்று சொல்ல முடியாது. சொல்ல வேறு சொல்லும் அவரிடம் இல்லை. அதனால்தான் பலர் ஒன்றும் சொல்லாமல், கடைசி நாள் இரவு வரை வேலை செய்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையம் போகிறார்கள்.

இதற்கு வரக்கூடிய மறுப்பும் எங்களுக்குத் தெரியும். “சேர், அங்கே நம் பிள்ளைகள் படும் பாட்டை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.” மறக்கவில்லை. 2013 ஜனவரி 9 ஆம் திகதி சவூதியில் மூதூர் ரிஸானா நபீக்குக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட அன்று இந்த ஊர் எப்படி இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது. சம்பளம் கிடைக்காமல், பாஸ்போர்ட் பறிக்கப்பட்டு வந்தவர்கள் நம் மத்தியிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ‘அந்த நகரத்தை விரும்பு’ என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அவர்களுக்கும் “எப்ப திரும்பப் போறீங்க?” என்ற கேள்விதானே போகிறது? நல்ல அனுபவத்தோடு வந்தவருக்கும் காயத்தோடு வந்தவருக்கும் அதே கேள்வி.

இன்னும் சிலர், “அவ்வளவு பிடித்திருந்தால் அங்கேயே இருக்கட்டுமே” என்பார்கள். இருக்க முடியாது. வளைகுடா நாடுகளில் நம்மைப் போன்ற தொழிலாளியின் விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் விசாவும் முடியும். முப்பது வருடம் இருந்தவரும் ஒரு நாள் இரண்டு பெட்டியோடு வரத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு பெரிய பதிவு எதற்கு என்று நினைக்கலாம். அந்தக் கேள்விதான் பல குடும்பங்களில் முடிவெடுக்கிறது. ஊரில் தனக்கு இருக்கும் ஒரே இடம் ‘பணம் அனுப்புகிறவர்’ என்ற இடம்தான் என்று வந்தவருக்குப் புரிந்துவிடுகிறது. ஸ்லாப் போட இன்னும் ஒரு கொன்ட்ராக்ட், தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் ஒன்று, அது முடிந்ததும் இன்னும் ஒன்று. கையில் தொழில் இருக்கிறது, கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது, இங்கே தொடங்க ஆசையும் இருக்கிறது. ஆனாலும் மூன்றாவது மாதம் ஏஜென்சி வாசலில் நிற்கிறார். தேவைக்காகப் போனால் யாரும் குறை சொல்ல முடியாது. வெட்கத்துக்காகப் போகிறார்களே, அதுதான் கவலை. வகுப்பில் விவரம் எடுக்கும்போது ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ஒரு பிள்ளை ‘கத்தார்’ என்று எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனவே நாங்கள் சொல்ல விரும்புவது மூன்று விஷயம்.

முதலாவது, அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு. வாழும் நகரத்தை விரும்பத் தயங்காதீர்கள். ஆனால் திரும்பும் நாளை முதல் நாளிலிருந்தே கணக்கில் வையுங்கள். ஒப்பந்தம் முடிந்து வரும்போது உங்களுக்குச் சேரவேண்டிய சேவைமுடிவுப் பணத்தை, கிராஜுவிட்டி என்பார்களே, கேட்டு வாங்குங்கள். அமீரகத்தில் முதல் 5 வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். கத்தாரில் வருடத்துக்குக் குறைந்தது 3 வாரத்து அடிப்படைச் சம்பளம். சவூதியில் முதல் 5 வருடங்களுக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். வீட்டுப் பணியாளருக்குச் சட்டம் வேறாக இருக்கும், அதையும் விசாரியுங்கள். இது யாரும் தரும் ஹதியா இல்லை, உங்கள் உழைப்பு. வங்கிக் கடன், கிரெடிட் கார்ட், ஃபோன் கணக்கு எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் புறப்படுங்கள். விசாவில் இருப்பது திரும்பி வரும் அனுமதியா, முழுமையான எக்ஸிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேவைக் கடிதத்தை மறக்கவேண்டாம். செய்த தொழிலுக்கு இங்கே பரீட்சித்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கும் வழி இருக்கிறது. அந்தக் கடிதம் அதற்கு உதவும்.

பிறகு கடைசியில் அரை நாளாவது உங்களுக்கென்று எடுங்கள். தொழுத பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுங்கள். தேநீர்க் கடைக்காரருக்கு ஸலாம் சொல்லுங்கள். அறைத் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வாங்கியதைக் கொடுத்து, கொடுத்ததை ஹலாலாக்கிவிட்டு வாருங்கள். பிடித்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்படி விடைபெற்று வந்தவருக்கு இங்கே கால் ஊன்றுவது கொஞ்சமாவது இலகுவாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

இரண்டாவது, வீட்டில் இருப்பவர்களுக்கு. மகன் வந்து ஒரு மாதமாவது திரும்பும் பேச்சை எடுக்காதீர்கள். வெளியில் இருந்து யாராவது கேட்டால் “இப்பதான் வந்திருக்கார், இருக்கட்டும்” என்று நீங்களே பதில் சொல்லுங்கள். அந்த ஊரில் என்ன சாப்பிட்டார், யாரோடு இருந்தார், எங்கே நடந்தார் என்று கேளுங்கள். இன்னும் வராத பணத்தை நம்பிக் கல் இறக்காதீர்கள். இன்னொரு ஒப்பந்தமா இல்லையா என்பதை ஃபோனில் முடிவெடுக்காமல் ஒரு பாயில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பெண் பிள்ளைகள் வந்தால் இன்னும் கவனம். பன்னிரண்டு வருடம் ஒரு குடும்பத்தைத் தாங்கியவர் வந்த மறுநாளே அடுப்படியில் நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர் எப்படி வாழ்ந்தார் என்று அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாமல் போகிறது.

மூன்றாவது, பள்ளிவாசல், கோயில், பாடசாலைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. போகிறவர்களுக்குத் துஆச் செய்து அனுப்புகிறோம், பூசை வைத்து அனுப்புகிறோம். வந்தவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்? மாதத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், வந்தவர்கள் பேசட்டும். ஓ.எல். எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள் கேட்கட்டும். ஏஜென்சிப் பேப்பரில் எதைப் பார்க்கவேண்டும், குளிர்சாதன வேலை எப்படி, ஒரு நகரத்தில் தனியாக எப்படி வாழ்வது என்றெல்லாம் அந்த அண்ணன்மாரும் தாத்தாமாரும் அக்காமாரும் சொன்னால் நாங்கள் வகுப்பில் சொல்வதைவிட நன்றாக ஏறும். சொல்கிறவருக்கும் ஊரில் ஒரு இடம் கிடைக்கும். எங்கள் பாடசாலைகளில் இதற்கு நேரம் ஒதுக்க ஆசிரியர்கள் நாங்கள் தயார். யார் யார் வந்து பேச விருப்பம் என்று கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

அடுத்த முறை பஸ்ஸில் பக்கத்து சீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை உட்கார்ந்தால் “அந்த ஊர் எப்படி இருந்திச்சு?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஹட்டனில் ஏறினால் நுவரெலியா வரும்வரை பேசுவார்.

உழைக்கப் போன எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. வீடு வந்தவர்களின் மனதையும் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.